தலைவிளக்கா, கைவிளக்கா: மதுரைக் குகைத்தளங்களுக்கு ஏற்ற டார்ச் எது?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில், கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் பார்த்துப் படமெடுக்க நாம் போகும் குகைகள் பெரும்பாலும் ஆழமற்ற பாறைக் குடைவுகளே. ஆகவே, ஒளியின் அளவைப் பல்லாயிரம் லூமென் என்று பெட்டியில் அச்சிட்டு, அரை கிலோமீட்டர் தூரம் அடிக்கும் என்று விற்கப்படும் குவியொளி டார்ச்சுகள் இங்கே முதல் சுற்றிலேயே விலகிவிடுகின்றன. கையெட்டும் தூரத்துப் பாறையில் அவை நடுவே ஒரு வெள்ளை வட்டத்தையும் சுற்றிலும் இருட்டையும்தான் தருகின்றன. கேமராவோ அந்த வட்டத்தை வெளுத்த கறையாகப் பதிவு செய்கிறது. மேலும், முழு வெளிச்சத்தில் உள்ளே ஏறும் சூட்டைத் தாங்காமல் சில நிமிடங்களில் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்வதால், கொடுத்த காசில் பாதி வீண்.

உண்மையான போட்டி தலைவிளக்குக்கும் விரியொளி தரும் சிறிய கைவிளக்குக்கும் இடையில்தான். இரண்டு கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய சரிவுகளில் தலைவிளக்குக்கு மாற்றே கிடையாது. ஆனால் படமெடுக்கையில் அதன் பலமே பலவீனமாகிவிடுகிறது. ஒளி நம் கண்ணிருக்கும் திசையிலிருந்தே புறப்படுவதால், பாறையில் வெட்டிய எழுத்தின் பள்ளத்தில் விழ வேண்டிய நிழல் நம் பார்வைக்கு மறைந்து, பாறை தட்டையாகத் தெரிகிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் செட்டிப்புடவில் இதை நேராகச் சோதிக்கலாம். சிங்கத்தின் மீதமர்ந்து, யானை மேல் வருபவனை எதிர்க்கும் இயக்கியின் (சமணக் காவல் பெண்தெய்வம்) சிற்பம் உள்வளைவில் இருக்கிறது. தலைவிளக்கில் அது மங்கலான மேடாகத் தெரியும். கைவிளக்கைப் பாறையை ஒட்டி, ஏறக்குறைய பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடித்தால், சிங்கத்தின் உடலும் இயக்கியின் கைகளும் தனித்தனியே எழுந்து நிற்கும். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகள் போன்றவற்றுக்கும் இதே சாய்வொளிதான் மருந்து. அவை வெளிப்புறப் பாறையில் இருப்பதால் வெயில் தாழ்ந்த பின் முயல வேண்டும். படம் தெளிவாக வர வேண்டும் என்று எழுத்துகளின் மேல் சாக்பீஸ் பூசும் கெட்ட பழக்கத்துக்கு இனியும் சாக்கு இல்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, விலையைவிட முதலில் கவனிக்க வேண்டியது நிறங்களை ஒரு விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்று சொல்லும் குறியீடான சிஆர்ஐ. சாதாரண டார்ச்சுகளில் அது 70 அளவில் இருக்கும்; 90க்கு மேற்பட்டதை வாங்கினால்தான் காவிச் சிவப்பு பழுப்பாகச் செத்துப்போகாது. பாறை ஓவியங்களையும் சிற்பங்களில் எஞ்சிய பழைய வண்ணப்பூச்சையும் படமெடுப்பவர்கள் இதில் சமரசம் செய்யக் கூடாது. மங்கலான நிலையில் வைக்கும்போது சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். படத்தில் அது வரிவரியாக விழும். கடையிலேயே செல்போன் கேமராவை விளக்கின் முன் நீட்டிப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

உறுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்க் குன்றுகளில் எதிரி தண்ணீரன்று, தூசியும் வௌவால் எச்சமும்தான். எனவே ஐபி68 என்னும் தரக்குறியின் 6, அதாவது தூசித்தடை, இங்கே தண்ணீர்த்தடையைச் சொல்லும் 8ஐவிட முக்கியம். மேகாலயத்தின் ஓடை பாயும் குகைகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்குகள் என்ற குகையாளர்களின் பொது விதியும் சேர்ந்துகொள்ளும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் தேர்வு 18650 என்னும் ரீசார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரியில் இயங்கும் எல் வடிவ விளக்கு. பட்டையில் மாட்டினால் அது தலைவிளக்கு, கழற்றினால் கைவிளக்கு, அடியில் காந்தம் இருந்தால் கேமரா முக்காலியின் இரும்புப் பாகத்திலும் ஒட்டி நிற்கும். இரண்டு வாங்க இயலுமானால், மலிவான தலைவிளக்கு ஒன்றும் சிஆர்ஐ உயர்ந்த கைவிளக்கு ஒன்றும் போதும். வௌவால்கள் அடையும் மூலைகளில் இரண்டையும் மிகக் குறைந்த நிலையிலேயே வைக்க வேண்டும். உதிரிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடாமல் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துச் செல்வது நல்லது. முனைகள் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.