போமாவா, சனாவா?

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் தங்கி, சாப்பாட்டில் சாகசம் தேடுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: அங்குள்ள இந்த இரண்டு உணவகங்களில் எதற்குப் போவது?

போமா, ஆப்பிரிக்க பஃபே. அங்கே நான் முதலில் தட்டில் வைக்கச் சொல்வது போபோட்டி: மசாலா போட்ட கொத்துக்கறி, மேலே முட்டையும் பாலும் கலந்து ஊற்றி ஏடு கட்டுகிற மாதிரி வேகவைத்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் மலாய் சமையல், லேசாகத் தித்திக்கும். பிடிக்காவிட்டால் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், பஃபேயின் சௌகரியமே அதுதான். அப்புறம் ஸீப்ரா டோம் என்கிற இனிப்பு: நுரைத்த காபி மூஸ், வெள்ளைச் சாக்லேட், மேலே கறுப்புக் கோடுகள். குழந்தைகள் கேட்டால் யோசியுங்கள், அதில் அமருலா மது சேரும்.

ஆனால் பெரிய சாகசம் என்று நினைக்கவேண்டாம், பக்கத்திலேயே மேக் அண்ட் சீஸும் (சீஸ் போட்ட மக்ரோனி) இருக்கும். ஆப்பிரிக்காவில் சாப்பிடுகிற மோப்பேன் புழு வேண்டுமென்றால் ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவிக்குத்தான் போகவேண்டும். அங்கே இதே பெயரில் இன்னொரு போமா. புழுவைத் தின்றால் சான்றிதழே தருகிறார்கள்!

சனா, அதே லாட்ஜில் 2009இல் திறந்த கிடானி வில்லேஜ் பகுதியில். பஃபே அல்ல. பெயர்பெற்ற பதார்த்தம், நாண் முதலான ரொட்டிகள், தொட்டுக்கொள்ள ஒன்பது வகை: புளிச் சட்னி, மாங்காய்ச் சட்னி, ரைத்தா... நமக்கு இதில் என்ன சாகசம்? ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்வது வேண்டுமானால் புதுசு. சைவக்காரர்கள் கூட இருந்தால் சனா. நாக்கைச் சோதிக்க போமா.