வாசிப்பை எதைக் கொண்டு அளப்பது: வினாநிரலா, தேர்வுத் தாளா, நேரில் கேட்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேர வாசிப்பு வகுப்பு நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை ஆய்வும் செய்து வருகிறேன். தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன்தான் தலைப்பு. என்னைப் போலவே படிக்கும் ஆசிரியர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், அளக்கிறதுக்கு எதை வெச்சுக்கிட்டீங்க? வினாநிரலா, தேர்வுத் தாளா, உட்கார வெச்சு வாசிக்கச் சொன்னீங்களா?” மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் கனமாகிவிட்டது. இப்போது பள்ளியில் இருப்பது வகுப்புசார் மதிப்பீடு. 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறோம். ஒரு ஆசிரியர் தன் மாணவனை அறிந்துகொள்ள அது நல்ல முறைதான். ஆனால் ஒரு பள்ளியின் 4-ஐயும் இன்னொரு பள்ளியின் 4-ஐயும் பக்கத்தில் வைத்து ஆய்வு எழுத முடியாது. இரண்டு ஆசிரியர்களின் மனத்தில் இருக்கும் 4 ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆய்வாளருக்குத் தனியாக ஒரு கருவி வேண்டும்.

முதலில் வினாநிரல். “எனக்கு வாசிக்கப் பிடிக்கும்” என்று எழுதி, பக்கத்தில் ஐந்து கட்டங்கள் போட்டு, ஒன்றில் அடையாளமிடச் சொல்வது. ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த முறை. மலிவு, வேகம், ஒரு வகுப்பையே அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அது அளப்பது பிள்ளை தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை, வாசிப்பை அல்ல. ஆர்வத்தையோ மனப்பான்மையையோ ஆராய்பவருக்குச் சரி. திறனை ஆராய்பவருக்கு ஆகாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வினாநிரலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், “குரோன்பாக் ஆல்பா நல்லா வந்துச்சு” என்பது. லீ குரோன்பாக் 1951-இல் விளக்கிய அந்த எண், ஒரு வினாநிரலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டுகிறது. அவ்வளவுதான். ஒரே மாதிரியான கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனால் அது தானாக ஏறும். 10 கேள்விக்கு 0.70 வந்திருந்தால், அதே தரத்தில் இன்னும் 10 கேள்வி சேர்த்ததும் 0.82 ஆகிவிடும். ஸ்பியர்மனும் பிரவுனும் 1910-இல் தந்த வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். பிள்ளையின் வாசிப்பைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது, எண் மட்டும் அழகாகியிருக்கும்.

அடுத்து தேர்வுத் தாள். பத்தியைப் படித்துவிட்டு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. திருத்துவதில் சண்டையே வராது. யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண். இது சாதாரணப் பலம் அல்ல, மதிக்கிறேன். ஆனால் 20 கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 5 சரியாகிவிடும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றித்தான் என் ஆய்வே. அவர்கள் நிற்கும் இடமும் அந்த 5-ஐச் சுற்றித்தான். எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளையும், எழுத்துக் கூட்டத் தெரிந்து பொருள் புரியாத பிள்ளையும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பார்கள். எனக்கு வேண்டிய வித்தியாசம் அந்தத் தாளில் தெரியவில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளையாக நேரில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது. இதற்குக் கல்வி ஆய்வில் நல்ல மரபு உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோவும் அவருடைய சகாக்களும், ஒரு நிமிடத்தில் பிள்ளை சரியாக வாசிக்கும் சொற்களை எண்ணும் முறையை வளர்த்தார்கள். இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் கணக்கெடுப்பில் வீட்டுக்கே போய், எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்க வைத்துப் பார்க்கிறார்கள். நான் டீனோவின் முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். தமிழில் சொற்களை எண்ணுவது நியாயமாகாது. ‘மரம்’ என்பதும் ஒரு சொல், ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல். முன்னது 3 எழுத்து, பின்னது 14. நீளமான வினைச்சொற்கள் உள்ள பத்தி கிடைத்த பிள்ளை காரணமில்லாமல் பின்தங்கிவிடும். அதனால் வேகத்தை எழுத்துக் கணக்கில் வைத்துக்கொண்டேன். பிழையை மட்டும் சொல் கணக்கில் குறிக்கிறோம்.

சரி, இவ்வளவு நல்ல முறையை ஏன் எல்லாரும் எடுப்பதில்லை? நேரம் பிடிக்கும், ஆள் வேண்டும். இவையெல்லாம் தெரிந்ததுதான். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, முடிவைத் தீர்மானிக்க வேண்டியதும் அதுதான்: ஒரே வாசிப்பைக் கேட்கும் இரண்டு பேர் ஒரே எண்ணைத் தருகிறார்களா?

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, உதவிக்கு வரும் இரண்டு அக்காமாரிடம் தனித்தனியே கொடுத்தேன். “கிழவி வாழைப்பழம் வாங்கினாள்” என்பது வரி. பிள்ளை “கெளவி வாளப்பளம் வாங்கினா” என்று வாசித்தது. ஒரு அக்கா மூன்று சொல்லையும் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். இன்னொருவர் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. “நம்ம வீட்டுல அப்படித்தானே பேசுறோம்? பிள்ளைக்குப் படிக்கத் தெரியுது டீச்சர்” என்றார். அடுத்த வரியில் பிள்ளை ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டு உடனே திரும்பி வந்து திருத்திக்கொண்டது. அதை முன்னவர் பிழை என்று எண்ணவில்லை, பின்னவர் எண்ணியிருந்தார். இரண்டு பேரும் கவனமாகக் கேட்டவர்கள்தான். இருவரிடமும் பொதுவான விதி இல்லை, அதுதான் குறை.

இதற்கு வழி எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை, என் மாமாவிடமிருந்து வந்தது. அவர் தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கூலி போடுவார்கள். பாலில் தண்ணீர் கலந்து மெட்ரோலேக் என்ற மிதவையை விட்டால் அந்த நிமிடமே ஒரு அளவு காட்டும். ஆனால் சூடு ஏறினாலும் தண்ணீர் அளவு தவறினாலும் அது மாறிவிடும். துல்லியம் வேண்டுமென்றால் பாலை எடை போட்டு, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக உருட்டி, அடுப்பில் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகிவிடும். என் குழப்பத்தைக் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: “ஒரே பாலை ரெண்டு தட்டுல ஊத்தி வைம்மா. ரெண்டும் ஒத்து வரலேன்னா ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் எடு.” ஆய்வுக்கூடக்காரர்களுக்கு இது அன்றாட வேலை. கல்வி ஆய்வில் நாம் ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மருத்துவத்திலும் இதே கவலைதான். ஒரே எக்ஸ்ரே படத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து எழுதுவதும், வேறுபட்டால் மூன்றாமவரிடம் போவதும் அவர்கள் ஆய்வுகளில் வழக்கம். மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்றை நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். இரண்டு அளவைகளின் ஒட்டுறவு, அதாவது ஒன்று ஏறும்போது மற்றதும் சேர்ந்து ஏறுவது, உயர்வாக இருப்பதாலேயே இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். மாமாவின் பாலுக்கே போட்டுப் பார்க்கலாம். மிதவை ஒவ்வொரு முறையும் அடுப்பைவிட 2 கூடுதலாகவே காட்டினால் ஒட்டுறவைக் காட்டும் எண் முழுமையாக 1 என்று வரும். கூலிக் கணக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் தவறாகப் போகும். ஆகவே இரண்டு கேட்பவர்களின் மதிப்பெண்களுக்கு ஒட்டுறவு போட்டுக் காட்டி ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரின் வேறுபாடு எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள்.

சதவீதத்தையும் நம்ப வேண்டாம். 100 சொல் கொண்ட பத்தி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் தலா 10 சொற்களைப் பிழை என்கிறார்கள், ஆனால் அவற்றில் 5 மட்டுமே இருவருக்கும் பொது. 85 சொற்களை இருவருமே சரி என்கிறார்கள். ஆக 90 சொற்களில் உடன்பாடு. 90 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் பத்தில் ஒன்றை மனம் போனபடி வட்டமிட்டிருந்தாலே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுச் சொல்வதுதான் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா. இந்தக் கணக்கில் அது 0.44-தான். பிழை என்று யாராவது ஒருவர் குறித்த 15 சொற்களில் 10-இல் சண்டை இருக்கிறது என்பதை 90 என்ற எண் மறைத்துவிட்டது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு பக்கத்துக்குள் விதிகளை எழுதினோம். ழகரத்தை ளகரமாகச் சொல்வது பிழை இல்லை. பேச்சு வழக்கில் சொல்லின் ஈறு தேய்வது பிழை இல்லை. தானே திருத்திக்கொண்டால் பிழை இல்லை, ஆனால் ஓரத்தில் குறிக்க வேண்டும். வரியைத் தாண்டினால் அதிலுள்ள எல்லாச் சொற்களும் பிழை. இந்த விதிகள் என் கேள்விக்கு ஏற்றவை. உச்சரிப்பை ஆராய்பவர் முதல் விதியைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு அதே பதிவுகளைக் கொடுத்தபோது அந்த இரண்டு அக்காமாரின் தாள்களும் மிகவும் நெருங்கி வந்தன.

இத்தோடு விட்டுவிட முடியாது. பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது, பலர் கைவிடுவது அங்கேதான். கேட்பவரின் காது நாள் போகப் போக மாறும். பிள்ளைகளோடு பழகப் பழக மனம் இளகும். களைப்பு வந்தால் கடுமை கூடும். உலோகத்திலேயே இது நடந்திருக்கிறது. எடைக்கு உலக அளவுகோலாக 1889 முதல் பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த கிலோகிராம் உருளையையும் அதன் நகல்களையும் நூறாண்டில் ஒப்பிட்டபோது ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் விலகியிருந்தன. 2019-இல் உருளையையே விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்பியலில் மாறாத எண்ணை வைத்துக் கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் செய்யக்கூடியது, முதல் மாதத்துப் பதிவுகள் சிலவற்றைப் புதியவற்றோடு கலந்து, எது பழையது என்று சொல்லாமல் மறுபடி கொடுப்பது. பழைய மதிப்பெண்ணிலிருந்து விலகியிருந்தால் விதிகளை மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு ஆகும் நேரத்தை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

இவ்வளவு உழைப்புக்கு என்ன கிடைக்கிறது? தேர்வுத் தாளில் ஒன்றாகத் தெரிந்த பிள்ளைகள் இங்கே பிரிந்து தெரிகிறார்கள். உயிர்மெய் நெடிலில் தடுமாறுபவன் வேறு, எழுத்தெழுத்தாகக் கூட்டி இழுத்து வாசித்து வாக்கிய முடிவில் தொடக்கத்தை மறந்துவிடுபவள் வேறு. அடுத்த நாளே அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தெரிந்துவிடுகிறது. ஆய்வு முடியும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. என் தேர்வுக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மேல் வகுப்புகளுக்கும் இதையே சொல்வேனா என்றால், தயங்குவேன். சரளமாக வாசிக்கத் தெரிந்துவிட்ட பிள்ளையிடம் வேகம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. அங்கே புரிதலைக் கேட்கும் தேர்வுத் தாள் திரும்பவும் முன்னுக்கு வரும் என்றே நினைக்கிறேன். என் அனுபவம் இரண்டாம், மூன்றாம் ஆண்டோடு நிற்கிறது. தோட்டத்துப் பெரியவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதே சரக்கு. அங்கே கப்பாவைக் கொண்டுபோய் வைப்பது அபத்தம்.

நேரில் கேட்கும் முறைக்கு ஆள் போதவில்லை என்றால், எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு பேர் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒருவர் கேட்கட்டும். ஐந்தில் ஒரு பதிவைக் குலுக்கல் முறையில் எடுத்து இன்னொருவர் கேட்கட்டும். அந்த வேறுபாட்டை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள். பதிவு செய்வதற்குப் பெற்றோரின் சம்மதமும், பள்ளிக்குள் நடத்துவதானால் கல்வி அமைச்சின் அனுமதியும் வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பள்ளி விடுமுறைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.