பெரிய ரெட் லைட் பேனல்: கீழக்கரை உப்புக் காற்றில் இரண்டு வருட அனுபவம்

ரெட் லைட் பேனல் என்பது சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உடம்பில் படவைத்தால் வலி குறையும் என்று சொல்லி விற்கிற எல்இடி பலகை. அதை வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் வாட், நானோமீட்டர் என்று மட்டும் எழுதி முடித்திருப்பேன், இப்போது எழுதுவதால் துருப்பிடித்த ஸ்க்ரூவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வீடு கீழக்கரையில், கடலுக்கு ரொம்பப் பக்கம். மாடியில் காயப்போட்ட துணியை எடுத்தாலே கை பிசுபிசுக்கும். பேனல் 90 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம், 300 எல்இடி. அதில் பாதி 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு, பாதி 850 நானோமீட்டர் அகச்சிவப்பு. பயன்படுத்துவது இரண்டு பேர்: முழங்கால் தேய்மானம் உள்ள உம்மா, தையல் மெஷினில் குனிந்தே இருந்து முதுகு பிடித்துக்கொள்கிற நான்.

பெரிய பேனல் என்றால் வீரியமான பேனல் என்றுதான் விற்கிறவர்கள் பேசுவார்கள். அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் விழும் ஒளி சின்ன பேனலிலும் பெரியதிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரியதில் கிடைப்பது பரப்பு. இரண்டு முழங்கால், தொடை எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் வெளிச்சம் படும், முதுகு முழுக்க ஒரே உட்காரலில் முடியும். வேறு மாயம் கிடையாது. பெரிய பேனல் விலை ஐம்பதாயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிறது என்பதால் இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது அந்த வாட் கணக்கு. எங்கள் பெட்டியின் மேல் 1500 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அது 300 எல்இடியை 5 வாட்டால் பெருக்கி வந்த எண், அவ்வளவுதான். பிளக்கில் மாட்டுகிற சின்ன வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தால் 320க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இந்த 320தான் உண்மையான எண், விற்பவரிடம் இதைக் கேளுங்கள், இதிலிருந்தே மிச்ச எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். எல்இடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தாராளமாகப் பாதி மின்சாரம் ஒளியாகிறது என்று வைத்துக்கொள்வோம், 160 வாட். பேனலின் முகப்பு 90க்கு 30, அதாவது 2700 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிவாட் கூட வரவில்லை, அதுவும் பேனலை ஒட்டினாற்போல, சராசரியாக. அப்படியிருக்க 15 சென்டிமீட்டர் தள்ளி 150 மில்லிவாட் வருகிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சூரிய ஒளி அளக்கிற மீட்டரிலிருந்து. அந்த மீட்டர் வெயிலின் முழு நிறமாலைக்காகச் சரிசெய்யப்பட்டது, சிவப்பு எல்இடி முன்னால் பிடித்தால் இரண்டு மடங்கு வரை கூட்டிக் காட்டும். நான் விசாரித்த விற்பனையாளர்களில் ஒளியை அலைநீளம் வாரியாக அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்த அறிக்கையை அனுப்பியது ஒருவர்தான். மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் இதய எமோஜி அனுப்பினார்கள்.

அந்த அறிக்கைப்படி 30 சென்டிமீட்டர் தூரத்தில் நடுப்பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு 35 மில்லிவாட். பத்து நிமிடம் உட்கார்ந்தால் 600 விநாடி, 35ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 21 ஜூல். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் போதும், எந்தப் பேனலையும் எடைபோட்டுவிடலாம். அதே சமயம் நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்று இல்லை. ஓர் அளவுக்கு மேல் போனால் விளைவு குறையவோ எதிர்மாறாகவோ ஆகும் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. உம்மாவுக்கு இதை விளங்கவைக்கப் பெரும்பாடு பட்டேன், இதமாக இருக்கிறது என்று அரைமணி நேரம் உட்காரப் பார்ப்பார்.

பலன் என்ன? முதலில் இந்தச் சிகிச்சையின் கதை சுருக்கமாக. 1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முடி மழித்த எலிகளின் மேல் ரூபி லேசர் பாய்ச்சினார், அங்கே முடி வேகமாக முளைத்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் எல்லாம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி இந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்பது பலர் சொல்லும் விளக்கம். முழங்கால் தேய்மானத்துக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது: 2019இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த தொகுப்பாய்வு, சரியான அளவில் கொடுத்தால் வலி குறைகிறது என்று சொல்கிறது. ஆனால் அது மூட்டின் மேல் புள்ளி புள்ளியாக லேசர் வைத்துச் செய்தவற்றின் ஆய்வு, சுவரில் தொங்குகிற பேனலின் ஆய்வு இல்லை. பேனல் விற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே மாட்டார்கள்.

உம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் காலை மடக்க முடியாத விறைப்பு குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறுவது அப்படியேதான் இருக்கிறது, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. இதே காலத்தில் ராமநாதபுரத்தில் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த தொடைப் பயிற்சியையும் விடாமல் செய்தார், ஆகவே எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பயிற்சிக்குத்தான் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. என் முதுகுக்கு நல்ல இதம், அன்றைய பொழுது ஓடும். முகம் பளபளக்கும், முடி அடர்த்தியாகும் என்பதெல்லாம் எனக்கு நடக்கவில்லை. முகத்தில் மங்கு உள்ளவர்கள் கவனமாக இருங்கள், சூடும் வெளிச்சமும் மங்கைக் கருக்க வைக்கும். நம் போன்ற மாநிறத் தோல் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சிச் சீக்கிரம் சூடாகும், அதனால் ஒட்டி உட்காரக் கூடாது. உம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு, சுடுவது தெரியாது. பாதத்தைத் துண்டால் மூடிவிட்டுத்தான் உட்கார வைக்கிறேன். வெளிச்சம் பட்டால் தோல் சிவக்கும் மாதிரியான மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கண்ணுக்கு வருவோம். 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, எரிகிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் இருக்கும். தெரியாத வெளிச்சத்துக்குக் கண் தானாகச் சுருங்கவும் செய்யாது. கூட வந்த கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறோம். தெரியாததில் இன்னொரு தொல்லை, அகச்சிவப்பு வரிசை ஒன்று செத்துப்போனாலும் தெரியாது. போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் ஊதா நிறத்தில் மினுங்கும். எங்களுடையதில் ஒரு வரிசை முழுதும் இருண்டு கிடந்ததை அப்படித்தான் கண்டோம். எல்இடிகளைத் தொடராகக் கோத்திருப்பதால் ஒன்று போனால் அந்த வரிசையே போய்விடுகிறது.

பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) ஒருவர், வெயில் படாத உடம்பு, வைட்டமின் டி குறைவு, இதில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். அதற்கு 290 முதல் 315 நானோமீட்டர் வரையான புற ஊதாக் கதிர் வேண்டும், இந்தப் பேனலில் அது துளிகூட இல்லை. மாடிக்குப் போங்கள் லாத்தா என்றேன்.

மாட்டுகிற கதை தனி. பழைய சுண்ணாம்புச் சுவர், ட்ரில் வைத்தால் பொலபொலவென்று உதிர்கிறது, ஸ்க்ரூவுக்காகச் சுவரில் செருகுகிற பிளக் நிற்கவில்லை. பேனல் பன்னிரண்டு கிலோ. கடைசியில் உத்திரத்தில் இருந்த தொட்டில் கொக்கியில் பேனலோடு வந்த கப்பிக் கயிற்றைக் கட்டினோம், உம்மா நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம், எனக்கு மேலே ஏற்றிக்கொள்ளலாம். சக்கரம் வைத்த ஸ்டாண்டைவிட இது எவ்வளவோ மேல். சித்திரை வைகாசியில் பகலில் போடவே முடியாது, ஒளியாகாத மின்சாரம் எல்லாம் அறைக்குள் சூடாகத்தான் வரும். சுபுஹு தொழுகைக்குப் பிறகு போடுவதுதான் எங்கள் வழக்கம். கரண்ட் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தினமும் இருபது நிமிடம் என்றால் மாதத்துக்கு மூன்று யூனிட் சுற்றி.

அப்புறம் உப்பு. இதைத்தான் எந்த விமர்சனத்திலும் யாரும் சொல்லவில்லை. முன்பக்கம் பளிச்சென்று இருக்க, பின்பக்கத்து இரும்பு ஸ்க்ரூக்கள் முதல் வருடத்திலேயே பழுப்பாகிவிட்டன. கச்சான் (தென்மேற்கு) காற்று வீசுகிற மாதங்களில் பின்னால் இருக்கும் ஃபேன் ஜன்னல் வழியாக வரும் காற்றை உள்ளே இழுத்து எல்லாவற்றின் மேலும் உப்பைப் பூசுகிறது. ஒருநாள் ஃபேன் கரகரவென்று அலறி நின்றது. கழற்றினால் வயர் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது, இறக்கையில் ஈரப்பிசுக்கோடு சாம்பல் நிற அழுக்கு. விற்றவரிடம் கேட்டால் துரு வாரண்டியில் வராது, வேண்டுமானால் உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்றார். பன்னிரண்டு கிலோவைக் கூரியரில் போட்டு யார் அனுப்புவது? ராமநாதபுரத்தில் டிவி பழுது பார்க்கிற தம்பி ஒருவர், இது கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் ஃபேன்தானே அக்கா என்று அங்கேயே மாற்றிக் கொடுத்தார், ஸ்க்ரூக்களையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினார். இருண்ட வரிசையும் அவர் கையில்தான் சரியானது. பேனல் பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூவால் மூடப்பட்டிருந்ததால் பிழைத்தோம். நம் கடற்கரைக்கு ஆப், ஏழு வகை அலைநீளம், விட்டுவிட்டு எரிகிற துடிப்பு முறை எல்லாவற்றையும்விட இது முக்கியம்: பின்மூடி கழற்ற வருமா, ஃபேன் சாதாரண அளவா, கையால் அழுத்தும் பட்டன் இருக்கிறதா. இப்போது வேலை முடிந்ததும் துணி உறை போட்டு ஜன்னலைச் சாத்திவிடுகிறோம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொண்டுவந்தால் பிளக்கின் சதுரப் பின்னை மட்டும் மாற்றினால் போதும், அங்கேயும் வோல்டேஜ் நம்முடையதை ஒத்ததுதான். அமெரிக்காவிலிருந்து வந்தால் 110 வோல்ட் மட்டுமா, 240 வரை தாங்குமா என்று பின்னால் ஒட்டிய லேபிளைப் படித்துவிட்டுச் செருகுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிடுங்கள், இது உலோகப் பெட்டி, உடம்புக்குப் பக்கத்தில் வைப்பது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் பதிவு செய்யப்பட்டது என்று போட்டிருந்தால் அதை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பதிவு வேறு அனுமதி வேறு.

ஒரே ஒரு மூட்டுதான் வலிக்கிறது என்றால் இவ்வளவு பெரியது தேவையே இல்லை. சின்ன பேனல் போதும், பழுதானாலும் பையில் போட்டு ராமநாதபுரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்விடலாம்.