ஸ்னாப்கிட்டோடு நான்கு வருடம்

ஐஓஎஸ் செயலியின் திரைகளை ஸ்டோரிபோர்டில் (கோடு எழுதாமல் திரையை வரையும் ஆப்பிளின் வசதி) இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தபோது பெரிய தலைவலி மெர்ஜ்தான், அதாவது பலர் செய்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பது. ஒரே திரையை இரண்டு பேர் தொட்டுவிட்டால் போதும், ஸ்டோரிபோர்டு கோப்பின் எக்ஸ்எம்எல் சிக்கலைப் பிரிப்பதற்குள் யாராவது ஒருவர் தன் வேலையை முதலிலிருந்து செய்துவிடலாம். அதனால் லேஅவுட் முழுவதையும் கோடிலேயே எழுதுவது, அதைச் சுருக்கமாக எழுத ஸ்னாப்கிட் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தோம்.

விதிகளை வைத்துத் திரையில் இடத்தைக் கணக்கிடும் ஆப்பிளின் ஆட்டோ லேஅவுட் 2012-இல் ஐஓஎஸ் 6-ஓடு வந்தபோது ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு, அதாவது ஒரு விதிக்கு, ஏழு பாராமீட்டர் கொடுக்க வேண்டும். 2015-இல், ஐஓஎஸ் 9-இல் வந்த ஆங்கர்கள் (விளிம்புகளைச் சுருக்கமாக இணைக்கும் வழி) இதை நிறையக் குறைத்தன. ஆனாலும் ஒரு வியூவை (திரையில் உள்ள ஒரு பகுதி) நாலு பக்கமும் 16 பாயின்ட் உள்ளே தள்ளி வைக்க நாலு வரி வேண்டும். வலப்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் மைனஸ் 16 என்று போட வேண்டும். அந்த மைனஸை நான் மறந்த நாட்களுக்குக் கணக்கில்லை. ஸ்னாப்கிட்டில் இது ஒரே வரி: எட்ஜஸ், சூப்பர்வியூவுக்கு (அதைத் தாங்கும் வெளி வியூ) சமம், இன்செட் 16. மைனஸை அதுவே பார்த்துக்கொள்ளும். நம் கன்ஸ்ட்ரெயின்ட்டுகளோடு மோதும் பழைய முறையான ஆட்டோரீசைஸிங் மாஸ்க்கை அணைப்பதையும் அதுவே செய்துவிடும்.

முதல் மாதம் இந்த வரி மிச்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு வருடம் கழித்துப் பழைய திரையைத் திறந்தபோதுதான் உண்மையான லாபம் புரிந்தது. எது எதற்குக் கீழே, எவ்வளவு இடைவெளி என்று கோடை வாசித்தே திரையை மனதில் வரைந்துவிட முடிந்தது.

சரி, அடி வாங்கிய கதைக்கு வருகிறேன். கன்ஸ்ட்ரெயின்ட் போட ஸ்னாப்கிட்டில் மேக் (புதிதாகச் சேர்ப்பது), அப்டேட் (இருப்பதை மாற்றுவது), ரீமேக் (பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது) என்று மூன்று உண்டு. எனக்கு அப்போது மேக் மட்டும்தான் தெரியும். டேபிள் செல்லுக்குள் (பட்டியலின் ஒரு வரிசை) டேட்டா நிரப்பும் இடத்திலேயே மேக்கை அழைத்து வைத்திருந்தேன். செல்கள் மறுபடி மறுபடி பயன்படுபவை அல்லவா? ஒவ்வொரு முறையும் பழைய கன்ஸ்ட்ரெயின்ட் மேலே புதியது ஏறி, கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்தாலே திரை திணறியது. இரண்டு நாள் தேடினேன். லைப்ரரி மேல் குற்றமில்லை, சொன்னதைத்தான் செய்தது.

அப்டேட் இன்னும் கறாரானது. அதை வைத்து கான்ஸ்டன்ட்டை, அதாவது இடைவெளி போன்ற எண்ணை, மட்டும்தான் மாற்ற முடியும். எந்த வியூவோடு ஒட்டுகிறது என்பதையோ ப்ரையாரிட்டியையோ அதில் மாற்றப் போனால், பொருந்தும் கன்ஸ்ட்ரெயின்ட் இல்லை என்று செயலியே கிராஷ் ஆகும். அதற்கு ரீமேக். இப்போதெல்லாம் மாறக்கூடிய கன்ஸ்ட்ரெயின்ட் என்றால் அதை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்து ஆஃப்செட்டை மட்டும் மாற்றுகிறேன். அனிமேஷன் வேண்டுமென்றால் அப்புறம், மாற்றத்தை உடனே திரையில் காட்டச் சொல்லும் லேஅவுட்இஃப்நீடட்.

ஒன்றை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்: ஆட்டோ லேஅவுட் தெரியாதவரை இந்த லைப்ரரி காப்பாற்றாது. உள்ளே ஓடுவது அதே பழைய இன்ஜின்தான். முரண்பட்ட கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்தால் கன்சோலில் அதே நீள எச்சரிக்கை வரும். லேபிள்ட் என்று பெயர் கொடுத்து வைத்தால் அந்த எச்சரிக்கையில் எந்த கன்ஸ்ட்ரெயின்ட் என்று அடையாளம் தெரியும். இந்த வசதியை நான் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆனது. தானாக உயரம் கணக்கிடும் செல்லில் வரும் மோதலுக்கு, ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டின் ப்ரையாரிட்டியை 1000-இலிருந்து (கட்டாயம் என்று பொருள்) 999 ஆக்கினாலே பல நேரம் அடங்கிவிடும். ஹக்கிங் (வியூ தேவைக்கு மேல் பெரிதாகாமல் தடுப்பது), கம்ப்ரெஷன் ரெசிஸ்டன்ஸ் (தேவைக்குக் கீழ் சுருங்காமல் தடுப்பது) எல்லாம் நாமே படித்துக்கொள்ள வேண்டியவைதான்.

புதிய திரைகளை இப்போது ஆப்பிளின் புதிய முறையான ஸ்விஃப்ட்யூஐயில்தான் எழுதுகிறோம். பழையவற்றில் இருக்கும் ஸ்னாப்கிட்டை எடுக்கும் எண்ணம் இல்லை, எடுக்கக் காரணமும் இல்லை. ஆட்டோ லேஅவுட் ஓடும் பழைய யூஐகிட்டிலேயே புதிதாகத் தொடங்குகிறீர்கள், மொத்தமே நாலைந்து திரைதான் என்றால், ஆங்கர்களைச் சுற்றி ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.