காலிப் பெட்டிதான் ஜோக்காம்! என் 240 டாலரை விழுங்கிவிட்டார்கள்

இன்று மத்தியானம்தான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். 240 டாலர் போச்சு. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சான் டியேகோ காமிக்-கான் எக்ஸ்க்ளூசிவ் ஃபிகர்களை மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படி உஷாராக இருப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். தளத்தின் பெயரைப் போடவில்லை. சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் விற்று வாங்கிக்கொள்ளவும், பொருள் வந்து சேரும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கவும் இருக்கிற தளம் அது.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காமிக்-கான் என்பது காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் கூடும் அமெரிக்கத் திருவிழா, ஜூலையில் சான் டியேகோ கன்வென்ஷன் சென்டரில் நடக்கும். அங்கே மட்டும் விற்கும் பொம்மைகள் உண்டு, அவைதான் எக்ஸ்க்ளூசிவ். நுழைவு பேட்ஜ் கிடைப்பதே பெரிய பாடு. அதற்கப்புறம் சில ஸ்டால்களில் வரிசையில் நிற்கவே குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அதனால் நேரில் போக முடியாத எங்களைப் போன்றவர்களுக்கு மறுவிற்பனையைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்த எக்ஸ்க்ளூசிவ்களில் குறும்புக்குத் தனி இடம் உண்டு. 2010-இல் மேட்டல் என்கிற பொம்மைக் கம்பெனி ஹீ-மேன் கார்ட்டூன் வில்லன் ஸ்கெலிட்டரோடு மோ-லார் என்கிற பல் டாக்டரைச் சேர்த்து ஜோடியாக விட்டது. 2012-இல் ஹாஸ்ப்ரோ கம்பெனியின் ஸ்டார் வார்ஸ் செட்டில், படத்தில் நாயகன் ஹான் சோலோ உறைந்துபோகிற கார்பனைட் கட்டியில் கோமாளி ஜார் ஜார் பிங்ஸை உறைய வைத்திருந்தார்கள். சாதாரணக் கடையில் தொங்கும் பொம்மை அட்டைக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. போகிற போக்கில் பார்க்கிற பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சட்டென்று தெரிந்தாக வேண்டும். கன்வென்ஷன் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை, வரிசையில் நிற்கிறவருக்கு எல்லாம் முன்பே தெரியும். ஆகவே வடிவமைப்பாளர் பொம்மையை ஒளித்துவைக்கலாம், மறைத்துவைக்கலாம், பெட்டியையே ஒரு ஜோக்காக ஆக்கலாம். எனக்கு இந்தப் பெட்டிகள் மேல் உயிர். பொம்மையில் பாதி மதிப்பு பெட்டியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான்.

நான் வாங்கியது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிப்போன ஒரு வீரன். பெட்டி என்னவோ இரண்டு கையாலும் தூக்குகிற அளவு. முன்பக்கம் முழுக்கப் பெரிய பிளாஸ்டிக் ஜன்னல், உள்ளே ஆளே இல்லாத ஒரு தெருவின் படம். மேலே பெரிய எழுத்தில், 'இங்கே யாரும் இல்லை, நகருங்கள்' என்ற பொருளில் ஒரு வாசகம். வலது கீழ் மூலையில் குண்டுமணி போல ஒரு லென்ஸ். அதன் வழியே பார்த்தால்தான் வீரன் இடுப்பில் கைவைத்து உங்களை முறைத்துக்கொண்டு நிற்பான். பின்பக்கத்தில் துணைக்கருவிகள் பட்டியலில் 'காற்று' என்று ஒரே ஒரு வரி. பக்கத்தில் 'தும்மாதீர்கள்' என்று எச்சரிக்கை. பெட்டியை யோசித்தவர் யாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

இப்போது இதை எனக்கு விற்ற ஆளுக்கு வருகிறேன். அவர் எடுத்த எடுப்பிலேயே விலை பேசவில்லை. பெட்டியைப் பற்றித்தான் பேசினார். அடிப்பக்க மடிப்பைத் தூக்கினால் உள்ளே இன்னொரு வரி இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். 'தரையில் தேடுவதற்கு முன் சட்டைப் பையைப் பாருங்கள்.' இணையத்தில் நான் பார்த்த எந்தப் படத்திலும் அந்த மடிப்பு தெரியாது. பெட்டியைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். கழுத்துப் பட்டையோடு பேட்ஜ் படம் அனுப்பினார். லென்ஸ் வழியாக வீரன் நிற்கிற படமும் அனுப்பினார். 'உங்களைப் போல ரசிக்கிறவர்களிடம்தான் இது போய்ச் சேர வேண்டும்' என்றார். இப்படிப் பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? 240 டாலர் கேட்டார். தளத்தின் வழியாகவே, அவர்கள் சொன்ன முறையிலேயே கட்டினேன்.

பார்சல் நன்றாகச் சுற்றி வந்தது. பெட்டியில் ஒரு கீறல் இல்லை. லென்ஸில் கண்ணை வைத்தால் வெறும் தெரு. டார்ச் அடித்துப் பார்த்தேன். வீரன் நிற்க வேண்டிய இடத்தில் அவன் காலைப் பொருத்துகிற சின்ன முளை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டிய கண்ணாடி போலத் தெளிவான ரப்பர் வளையம் அறுந்து, ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது.

உடனே செய்தி அனுப்பினேன். முதல் பதில் என்ன தெரியுமா? "ஹாஹா, அதுதானே ஜோக்! நன்றாகப் பாருங்கள்." நன்றாகப் பார்த்தாயிற்று, இல்லை என்றேன். "வழியில் கழன்று அட்டைக்குப் பின்னால் போயிருக்கும், மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தயவுசெய்து சீலை மட்டும் பிரித்துவிடாதீர்கள், மதிப்பு போய்விடும்." அக்கறையாகச் சொல்கிறார் என்றுதான் தோன்றும். சீல் பிரியாத பெட்டிக்கும் பிரித்த பெட்டிக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்பது சேகரிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். 'தயாரித்த கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், மாற்று அனுப்புவார்கள், பொறுங்கள்' என்று அடுத்த பதில். அப்புறம் பண்டிகை என்றார், உடம்பு சரியில்லை என்றார். ஒவ்வொரு பதிலும் மரியாதையாக, ஒரு சிரிப்புப் பொம்மையோடு வந்தது. இதெல்லாம் எதற்கு என்றால், புகார் கொடுக்கிற கெடு முடிந்து, தளம் பிடித்துவைத்திருந்த என் 240 டாலர் அவர் கணக்குக்குப் போகிற வரைக்கும் என்னை இழுத்தடிக்கத்தான். பணம் கைமாறிய அன்றிலிருந்து ஆள் மௌனம்.

சரி, தளம் இருக்கிறதே என்று அங்கே போனேன். அது இதைவிடக் கொடுமை. 'கெடு முடிந்துவிட்டது' என்றார்கள். கெடுவுக்குள் அவரோடு நான் நடத்திய உரையாடல் முழுதும் உங்கள் தளத்திலேயே இருக்கிறதே, படியுங்கள் என்றேன். பெட்டியைப் பிரித்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "பிரிக்காமல் உள்ளே பொருள் இல்லை என்று உறுதிசெய்ய முடியாது." அப்படியானால் பிரிக்கட்டுமா? "பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க இயலாது." பார்சலின் எடை சரியாக இருக்கிறதாம். நகம் அளவு பிளாஸ்டிக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தராசு முள் அசையவா போகிறது!

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கடைசிக்கு முந்தைய பதிலில் பெட்டியின் முன்பக்கப் படத்தையே வெட்டி ஒட்டி, 'இங்கே யாரும் இல்லை' என்ற வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, "பொருள் விவரிப்புக்கு ஏற்பவே உள்ளது" என்று எனக்கே அனுப்பினார்கள். வடிவமைப்பாளர் ஆசையாக எழுதிய ஒரு ஜோக்கைத் திருடனுக்குச் சாட்சியாக நிறுத்திவிட்டார்கள். 240 டாலர் போனதைவிட இதுதான் வயிறு எரிகிறது.

அதற்கப்புறம் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். அடிப்பக்கத்து வட்ட சீலை மெல்லிய பிளேடால் நெம்பி எடுத்து, மறுபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். விளிம்பில் பசை காய்ந்து மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வீரனைத் தனியாக வேறு யாருக்கோ விற்றிருப்பார், பெட்டியை எனக்கு. ஒரே பொருளில் இரண்டு வியாபாரம். ஜன்னலில் பொம்மை பளிச்சென்று தெரிகிற சாதாரணப் பெட்டியில் இதைச் செய்ய முடியுமா? உள்ளே ஒளித்துவைக்கிற குறும்புப் பெட்டி என்றால் மட்டும்தான் முடியும். இல்லாததைக் கேட்டால் 'அதுதான் ஜோக்' என்று சொல்லிவிடலாமே.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பொம்மை நேராகக் கண்ணில் படாத எந்தப் பெட்டியானாலும், வாங்கும் முன் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, ஒரே ஓட்டமாக வீடியோ கேளுங்கள். படம் போதாது, லென்ஸ் படம் பழையதாக இருக்கலாம். சீலைக் கிட்டே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பார்சல் கட்டைப் பிரிக்கும்போதே உங்கள் பக்கமும் வீடியோ ஓடட்டும். 'பொறுங்கள்' என்று விற்றவர் சொன்னால் அன்றைக்கே தளத்தில் புகாரைப் பதிந்துவிடுங்கள், பேச்சுவார்த்தை அப்புறம். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பச் சொன்னால் ஓடிவிடுங்கள், அதில் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பே கிடையாது. கார்டில் கட்டியிருந்தால் அந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்று வங்கியில் மறுப்புக் கொடுங்கள், அதற்கும் கெடு உண்டு. நான் இன்று கொடுத்திருக்கிறேன், அந்த வீடியோவையும் சேர்த்து.

இன்னொன்று, அவசரம். இதே பெட்டி, இதே லென்ஸ் படத்தோடு அதே தளத்தில் இன்று காலை மறுபடி ஏறியிருக்கிறது. வேறு கணக்குப் பெயர், ஆனால் வீரனுக்குப் பின்னால் தெரியும் நீல மேஜைவிரிப்பு அதேதான். விலையும் அதே 240 டாலர். யாராவது பேரம் பேசிக்கொண்டிருந்தால் பணம் கட்டாதீர்கள்.