மொட்டை மாடி ஒழுகலுக்கு எது சரி: தட்டோடு இடுக்கா, வெள்ளைப் பூச்சா, சிமெண்ட் பூச்சா?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பு பெயிண்ட் கடைக்குப் போய், "ஒழுகலுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் எந்த டப்பாவை வாங்கிப் பூசினாலும் பாதிப் பணம் வீண். நம் ஊரில் இந்த வேலைக்கான காலம் மார்ச் முதல் மே வரை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், மாடியில் இருப்பது என்ன என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம் இருக்கும். அதற்கு மேல் சிவப்புத் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. இது உங்கள் வீட்டில் இருந்தால் எந்தப் பூச்சையும் வாங்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது ஓடு இல்லை, ஓட்டுக்கு இடையில் உள்ள இடுக்குப் பூச்சுதான்.

இடுக்கைச் சரிசெய்வதுதான் இருப்பதிலேயே மலிவு, நீங்களே செய்யலாம், ஆனால் யாரும் இதைச் சொல்வதில்லை. ஒரு குச்சியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் ஓட்டைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். மற்ற இடங்களில் உளியால் பழைய பூச்சை அரை அங்குலம் சுரண்டி, தூசியைத் தட்டி, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையால் அடைக்கலாம். கலவையில் நீர்த்தடுப்புத் திரவம் சேருங்கள். பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். முதுகு வலிக்கும் வேலைதான். ஆனாலும் நன்றாகச் செய்தால் பல வீடுகளில் ஒழுகல் இத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது, டப்பாவில் வரும் வெள்ளை அக்ரிலிக் பூச்சு. வெறும் கான்கிரீட் மாடிக்கு, நீங்களே செய்வதென்றால், என் ஓட்டு இதற்குத்தான். வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழே இருக்கும் அறையின் சூடும் குறையும். முதலில் வெடிப்புகளை உளியால் 'வி' வடிவில் சற்று அகலப்படுத்தி அடைக்க வேண்டும். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி நார் வலையை அதில் பதித்து, அடுத்த கோட்டைக் குறுக்காகப் பூசுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வலையைக் கட்டாயம் போட வேண்டும். ஒழுகல்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பை விட அதிகமாக இழுக்காதீர்கள். படலம் மெலிந்தால் வெயிலில் சீக்கிரம் போய்விடும்.

இதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: தண்ணீர் தேங்கும் இடத்தில் இது நிற்காது. நாலைந்து வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் குட்டை நின்றால், முதல் வேலை கொத்தனாரைக் கூப்பிட்டு வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) சரிசெய்வது. பூச்சு அதற்குப் பிறகுதான்.

ஈரத் தளமும் இதற்கு எதிரி. ஜல்லிக்குள் இறங்கிய மழை பல மாதம் உள்ளேயே கிடக்கும். அதை மேலே மூடினால் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். சோதிப்பது எளிது. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி தெரிந்தால் இன்னும் காயட்டும். கோடையில் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, பொடியும் பால் போன்ற திரவமும் தனித்தனியாக வரும் சிமெண்ட்-பாலிமர் பூச்சு. இதன் குணம் நேரெதிர். பூசும்போது தளம் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் மட்டும் தேங்கி நிற்கக் கூடாது. பிடிப்பும் நன்றாக இருக்கும். கலந்ததை அரை மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். குளியலறைத் தளம், பூத்தொட்டி, சன்ஷேடும் சுவரும் சேரும் இடம் ஆகியவற்றுக்கு இதுவே முதல் தேர்வு. திறந்த மொட்டை மாடியில் மட்டும் இதை அப்படியே விடக்கூடாது. மேலே சிமெண்ட் கலவைத் தளம் போட்டுக் காப்பாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் அக்ரிலிக்கை விட அதிகமாகிவிடும்.

கேஸ் நெருப்பில் உருக்கி ஒட்டும் தார் ஷீட்டை ஆட்களிடம் விட்டுவிடுங்கள்; இணைப்பு சரியாக ஒட்டாவிட்டால் மொத்தமும் வீண். புதிதாக ஜல்லித் தளமே போடலாமா என்றால், அது சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ பாரம். பழைய கட்டடத்தில் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது.

உள்கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? அப்படியென்றால் இதில் எதையும் தொடாதீர்கள். பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்த அறையில் யாரையும் படுக்கவும் விடாதீர்கள்.