பில்லுக்கென்று தனிக் கணக்கு: மூன்று வருடத்துக்கு அப்புறம்

அக்கா மகனுக்குப் போன மாதம்தான் முதல் சம்பளம் வந்தது. மூன்றாம் நாளே வாட்ஸ்அப்பில் கேட்கிறான்: "மாமா, பில் கட்டுறதுக்குன்னே தனியா ஒரு அக்கவுண்ட் வச்சிருக்கீங்களாமே, அம்மா சொன்னாங்க. நானும் ஆரம்பிக்கவா?" ஆரம்பிடா என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அதே வாரம்தான் அந்தக் கணக்கால் எனக்கு 590 ரூபாய் தண்டம் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முறை எல்லாரும் கேள்விப்பட்டதுதான். வருடத்துக்கு வரும் எல்லா பில்லையும் கூட்டி 12-ஆல் வகுத்து, சம்பளம் விழுந்த மறுநாள் அந்தத் தொகை தானாக இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போகிற மாதிரி வைத்துவிடுவது. பில் எல்லாம் அங்கிருந்துதான். எங்கள் வீட்டில் இந்த வருடக் கணக்கு 1,44,000 சொச்சம், அதாவது மாதம் 12,000. நான் 12,500 போடுகிறேன். மளிகை, பால், பெட்ரோல் இதில் சேராது. வீட்டுக் கடன் தவணையும் சேராது, அது சம்பளக் கணக்கிலேயே பிடித்துவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் 18,000 கட்டிவிட்டு யாரிடமும் கைமாற்று கேட்காமல் வீட்டுக்கு வந்த நாளை இன்னும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய ஜூன் எல்லாம் நகைக்கடன் கவுண்ட்டர் முன்னால்தான் கழிந்தன. சொத்து வரி இன்னொன்று. அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி உண்டு. எங்களுக்கு ஒரு அரையாண்டுக்கு 2,150 என்பதால் நூற்றுச் சொச்சம்தான் மிச்சம், ஆனால் வரியைத் தேதிக்கு முன்னால் கட்டுகிற ஆள் என்று ஒரு மிதப்பு வருகிறது பாருங்கள், அதற்கு விலையே கிடையாது. கேஸ் சிலிண்டர் எங்களுக்கு நாற்பத்தைந்து நாள் வரும், புக் பண்ணும்போது யோசிப்பதே இல்லை.

கரண்ட் பில்லும் அப்படித்தான் என்று சொல்ல ஆசை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில் என்பதால் மாதச் சம்பளக்காரன் அதை ஒரு மாதம் மறந்து மறு மாதம் அலறுவான், தனிக் கணக்கு இருந்தால் அந்த அலறல் இல்லை. ஆனால் போன கோடையில் 506 யூனிட் ஓடிவிட்டது. 500 தாண்டினால் தாண்டிய ஆறு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101-லிருந்து 200 வரைக்கும் இருந்த குறைந்த விலையும் சேர்ந்தே போய்விடுகிறது. 498-ல் நின்றிருந்தால் 1,790 சொச்சம், 506 ஆனதால் 2,090. எட்டு யூனிட்டுக்கு 300 ரூபாய். குற்றம் என்னுடையதுதான், ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தின இரண்டு ராத்திரி ஏசியைப் போடாமல் இருந்திருக்கலாம். இப்போது ஐம்பதாவது நாள் மீட்டரை எட்டிப் பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் மீட்டர் பெட்டிக்கு டார்ச்சோடு போகிற ஒரே ஆள் நான்தான்.

சரி, உண்மையான எரிச்சலுக்கு வருகிறேன். 28 நாள்.

மொபைல் ரீசார்ஜை ஏன் 28 நாளாக வைத்திருக்கிறார்கள் என்று மூன்று வருடமாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து வயிறெரிந்திருக்கிறேன். மார்ச் 1 ரீசார்ஜ் செய்தால் 28-ஆம் தேதி முடிகிறது, 29-ஆம் தேதி மறுபடியும். ஒரே மாதத்தில் இரண்டு. அப்புறம் ஏப்ரல் 26, மே 24, ஜூன் 21 என்று தேதி பின்னாலேயே நகர்ந்துகொண்டு போகும். வீட்டில் மூன்று போன், மூன்றுக்கும் மூன்று தேதி, மூன்றும் நகரும். வருடத்துக்கு 12 மாதம்தான், ரீசார்ஜ் மட்டும் 13. 299 ரூபாய்த் திட்டம் என்றால் 3,588 என்று நாம் நினைத்திருப்போம், கையை விட்டுப் போவது 3,887. கூடுதலாகப் போகிற அந்த 299 பெரிய தொகை இல்லைதான். பள்ளிக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 12-ஆல் வகுத்து வைத்த அத்தனை பில்லும் வரிசையில் நிற்கும்போது இது ஒன்று மட்டும் காலில் சிக்கிய நூல் மாதிரி இழுத்துக்கொண்டே வந்தது.

இதில் என் முட்டாள்தனமும் உண்டு. 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்று, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022-லேயே டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டுவிட்டது. எனக்குத் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து. ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 28-ம் 84-ம்தான், விரலால் தள்ளித் தள்ளி அடியில் போனால் மாதத் திட்டம் இருக்கிறது, 319 ரூபாய். 299-ஐ விட அதிகம் என்று தோன்றும். பன்னிரண்டால் பெருக்குங்கள், 3,828. பதின்மூன்று 299-ஐ விட 59 ரூபாய் குறைவு! அன்று ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். "இதுக்கா எழுப்புனீங்க?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றுவரை அவள் 28 நாளில்தான் இருக்கிறாள், பழகிவிட்டதாம்.

அப்பாவின் பட்டன் போனுக்கு ஒரு வழி பிறந்தது. நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும், 365 நாள் வரைக்கும் தரலாம் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. இப்போது அவருக்கு வருடத்துக்கு ஒரே தடவை, 1,849 ரூபாய். இந்தக் கணக்கில் என்னிடம் நன்றாக நடந்துகொள்கிற ஒரே பில் அதுதான்.

அந்த 590-க்கு வருகிறேன். யுபிஐ ஆப்பில் இரண்டு கணக்கையும் இணைத்திருந்தேன். பில் கட்டப் பில் கணக்கைத் தேர்ந்தெடுப்பேன், மறுநாள் டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது அதே கணக்கு நின்றுகொண்டிருக்கும், கவனிக்க மாட்டேன். டீ, வடை, பஸ்ஸில் டிக்கெட், ஒரு நாள் பிரியாணி. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் தானாகப் பிடிக்கிற நாளில் 310 ரூபாய் குறைவு. ஜிஎஸ்டியை எடுத்துவிட்டதால் இந்த வருடம் பிரீமியம் 22,000-தான் என்று மகிழ்ந்திருந்தேன். வங்கி 500 ரூபாய் அபராதம் போட்டு அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பிரீமியத்தில் போன ஜிஎஸ்டி இந்த வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது.

முன்பு வேறொரு வங்கியில் வைத்திருந்தபோது குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மூன்று மாதம் பிடித்தார்கள், அதை மூடிவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஸ்டேட் வங்கி 2020-லேயே அந்த அபராதத்தை எடுத்துவிட்டது, இந்தியன் வங்கி 2025 ஜூலையில் எடுத்தது. புதிதாகத் திறப்பவர்கள் இதை மட்டும் கேட்டுவிட்டுத் திறங்கள்.

இன்னொன்று, எந்த மாதத்தில் ஆரம்பிக்கிறோம் என்பது. நான் முதலில் 2022 மே மாதம் ஆரம்பித்தேன். ஒரு மாதப் பணம்தான் உள்ளே இருந்தது, ஜூன் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது, வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். அந்த வருடம் தீபாவளி போனஸில் இருபதாயிரத்தை முதலாகப் போட்டு மறுபடி ஆரம்பித்த பிறகுதான் நின்றது. 12-ஆல் வகுக்கிற கணக்கு எட்டாம் வகுப்புப் பையனுக்கும் வரும். பணம் சேர்வதற்கு முன்னால் பில் வந்து நின்றால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மதிப்பெண் கேட்டால், இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. மூடப்போவதில்லை. அடுத்த ஜூனில் கேளுங்கள், நாலரை போடுவேன்.

அக்கா மகனுக்கு, "டீக்கடை ஆப்பில் அந்த அக்கவுண்ட்டைச் சேர்க்காதே, மாதத் திட்டத்துக்கு மாறு, போனஸ் வரும்வரை பொறு" என்று பதில் போட்டேன். "சரி மாமா, ஆனா நான் 84 நாள் போட்டுட்டேனே" என்கிறான்.